ஆஃப்-ஃபிளேவர்: "கெடுசுவை" வேண்டாம், "வழுச்சுவை" என்போம்

நண்பர்களுக்கு வணக்கம்.

இங்கிலாந்தில் ஒரு சின்ன பீர் ஆலையில் பீப்பாய்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. பானத்திலோ உணவிலோ இருக்கக் கூடாத சுவையோ வாடையோ வந்தால் ஆங்கிலத்தில் "ஆஃப்-ஃபிளேவர்" என்கிறார்கள். அதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று இந்த இழையில் பேசுகிறோம். இந்தச் சங்கதி எனக்கு அன்றாடம் மூக்கில் ஏறுவது. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

> "கெடுசுவை" என்றாலே போதும். பண்டம் கெட்டால் வருகிற சுவைதானே?

ஐயா, சிக்கலே அங்கேதான். கெடாத பீரிலும் இது வரும். சென்ற மாதம் 9 கேலன் பீப்பாய் ஒன்றைத் திறந்து அரை பைன்ட் பிடித்தேன். பளிங்கு போலத் தெளிவு, நல்ல நிறம். வாயருகே கொண்டுபோனதும் வெண்ணெய் மிட்டாய் வாடை. விழுங்கிய பிறகும் நாக்கில் ஒரு வழவழப்பு. இதற்குக் காரணம் டையசெட்டைல். நொதிக்கும்போது ஈஸ்ட் வெளியே விடும் ஒரு பொருள் தானாகவே டையசெட்டைலாக மாறும். பிறகு அதே ஈஸ்ட் அதை உறிஞ்சி, சுவை அவ்வளவாகத் தெரியாத வேறு பொருளாக்கிவிடும். அதற்குள் அவசரப்பட்டுக் குளிரவைத்தால் ஈஸ்ட் உறங்கிப்போகும், வெண்ணெய் தங்கிவிடும். நாங்கள் செய்த தவறு அதுதான். நொதித்தல் முடியும் தறுவாயில் சூட்டை இரண்டு மூன்று டிகிரி கூட்டி, இரண்டு நாள் விட்டிருக்க வேண்டும். ஆக, அந்த பீர் கெடவில்லை, பக்குவப்படவில்லை.

ஆனால் இதே வெண்ணெய் வாடை பாக்டீரியா புகுந்தாலும் வரும். அப்போது அது உண்மையிலேயே கெட்ட பீர். காத்திருந்தால் வாடை கூடுமே தவிரக் குறையாது. முதல் வகை என்றால், பீப்பாயில் உயிருள்ள ஈஸ்ட் இருப்பதால், நிலவறையில் சில நாள் விட்டுப் பார்க்கலாம். எங்களுடையது ஒரு வாரத்தில் பெரிதும் அடங்கியது. வாடை ஒன்று, காரணம் இரண்டு. "கெடுசுவை" இரண்டாவதற்கு மட்டுமே பொருந்தும்.

(பீர் பக்குவப்பட்டதா என்று ஆலையிலேயே கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. இரண்டு சாடியில் மாதிரி எடுத்து மூடி, ஒன்றை மட்டும் 60 டிகிரி வெந்நீரில் அரை மணி நேரம் வைத்து, ஆறவிட்டு இரண்டையும் முகர வேண்டும். சூடுபட்டதில் மட்டும் வெண்ணெய் வந்தால், டையசெட்டைலாக மாறக்கூடிய பொருள் மிச்சமிருக்கிறது, பீர் இன்னும் பீப்பாய்க்குத் தயாராகவில்லை.)

> "சுவை" நாக்கோடு நின்றுவிடும். "சுவைமணம்" என்று சேர்க்க வேண்டாமா?

வேண்டாம் அக்கா. சாப்பாடு சுவையாக இருந்தது என்கிறோம், மூக்கைப் பொத்திக்கொண்டா சாப்பிட்டோம்? பேச்சு வழக்கில் "சுவை" மூக்கையும் சேர்த்துக்கொள்கிறது. நீளமான சொல்லை வேலையிடத்தில் யாரும் சொல்லமாட்டார்கள்.

இழையில் வந்த மற்றொரு சொல்லான "பிறழ்சுவை" எனக்கும் பிடித்தது. ஆனாலும் நான் முன்வைப்பது "வழுச்சுவை". இலக்கணத்தில் வழு (பிழை) இருக்கிறது, வழாநிலை (பிழையில்லாதது) இருக்கிறது, இரண்டுக்கும் நடுவே வழுவமைதி (பிழையானாலும் காரணம் கருதி ஏற்பது) இருக்கிறது. பசுவைப் பார்த்து "என் அம்மை வந்தாள்" என்றால் திணை வழு. உவப்பினால் சொன்னது என்பதால் அதை ஏற்கிறோம். பீரிலும் அச்சு அசல் இதேதான். ஜெர்மனியின் கோதுமை பீரில் கிராம்பு வாடை வழாநிலை. அதே வாடை "பிட்டர்" என்ற ஆங்கிலேய பீர் வகையில் வந்தால் வழு. மிக லேசான வெண்ணெய்ச் சாயல் சில ஆங்கிலேய ஏல்களில் (ஏல் என்பதும் ஒரு பீர் வகை) வழுவமைதி. இங்கிலாந்தின் பர்ட்டன்-அபான்-டிரென்ட் ஊர்த் தண்ணீரில் ஜிப்சம் (கந்தகம் சேர்ந்த ஓர் உப்பு) அதிகம். அங்கே பிறந்த பீரை ஊற்றிய உடனே தீக்குச்சி கிழித்தாற்போல ஒரு கந்தக வாடை எழுந்து அடங்கும். அதை "பர்ட்டன் ஸ்னாட்ச்" என்று பெயர் வைத்தே விரும்புகிறார்கள். இந்த மூன்று நிலைகளையும் ஒரே வேர்ச்சொல்லால் சொல்லும் வசதி வேறு எந்தப் பரிந்துரையிலும் இல்லை. சந்தி பற்றிக் கேட்டவருக்கு: "வழுச்சொல்" போல ஒற்று மிகும்.

தனித்தனி வாடைகளுக்குப் புதிதாகச் சொல் தேட வேண்டாம், நம்மிடமே இருக்கின்றன. நொதிக்கும்போது உண்டாகும் அசெட்டால்டிஹைடு என்ற பொருள் தருவது காய் ஆப்பிள் வாடை. அதுவும் பெரும்பாலும் பக்குவப்படாததன் அடையாளம். சமையலில் "பச்சை வாடை போகவில்லை" என்போமே, அதையே வைத்துக்கொள்ளலாம். திறந்த பீப்பாயில் பீர் இறங்க இறங்க மேலே காற்று புகும். காற்றைக் கண்டால், காடியை (வினிகரை) உண்டாக்கும் அசெட்டிக் பாக்டீரியா வேலையைத் தொடங்கிவிடும். அந்தப் புளிப்புக்குக் "காடிப்புளிப்பு". மூன்று நாளுக்குள் பீப்பாயைக் காலிசெய்யச் சொல்வதும், இரவில் காற்றுத் துளையை இறுக்கமான ஆப்பால் அடைப்பதும் இதற்காகத்தான். கழுவிய குளோரின் தங்கினால் வருவது "மருந்து வாடை". பழசாகிப் போனதற்கு, அட்டைப்பெட்டி போல வருவதால், "அட்டை வாடை".

"மொச்சை வாடை" என்று ஒருவர் எழுதியிருந்தார். அவர் எந்தக் குறையைச் சொல்கிறார் என்று விளங்கவில்லை. வெளிச்சம் பட்ட பீரின் வாடை என்றால் பீப்பாய்க்கு அது வராது, கண்ணாடிப் புட்டிக்குத்தான் வரும். அவர் விளக்கினால் அதையும் பட்டியலில் சேர்க்கலாம்.

அன்புடன்.