மறு: கெரில்லா மார்க்கெட்டிங் – தமிழில் என்ன சொல்லலாம்?

நண்பர்களுக்கு வணக்கம். பெரிய செலவில்லாமல் யோசனையால் கவனம் இழுக்கும் விளம்பர முறைதான் கெரில்லா மார்க்கெட்டிங். அதற்குத் தமிழ்ச் சொல் கேட்ட இந்த இழையில் 'கரந்தடி விளம்பரம்', 'சிறுமுதல் விளம்பரம்' என்று இரண்டு பரிந்துரைகள் வந்திருக்கின்றன.

இணைய விளம்பர வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு பயிற்சிக் கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். 'கொரில்லா மார்க்கெட்டிங்' என்று போட்டிருந்த பக்கத்தைப் படித்த தம்பி ஒருவர், "குரங்கு வேஷம் கட்டி விளம்பரம் செய்வதா அண்ணா?" என்று கேட்டார். அவர்மேல் தப்பே இல்லை. அந்த எழுத்துக்கூட்டு யாரையும் அங்கேதான் கொண்டுபோய் விடும்.

ஐயா முன்வைத்த 'கரந்தடி விளம்பரம்' அழகான ஆக்கம். மறைந்திருந்து தாக்குவது கரந்தடி; போருக்குப் பொருந்தும். ஆனால் கரத்தல் என்றால் மறைதல்; நாலு பேர் கண்ணில் படத்தானே விளம்பரம்? ஸ்பானிய மூலத்திலும் மறைவு இல்லை. 'கெர்ரா' என்றால் போர், 'கெரில்லா' என்றால் சின்னப் போர். 1808இல் நெப்போலியன் படைகளை எதிர்த்து ஸ்பெயினில் சிறு சிறு குழுக்கள் நடத்திய சண்டையால் பரவிய சொல் அது. 1984இல் ஜே கான்ராட் லெவின்சன் என்ற அமெரிக்க எழுத்தாளர் அதை வணிகத்துக்குக் கொண்டுவந்தபோது வலியுறுத்தியதும், பணத்துக்குப் பதில் நேரம், உழைப்பு, கற்பனை இவற்றைப் போடு என்பதைத்தான்.

சகோதரி சொன்ன 'சிறுமுதல் விளம்பரம்' இதற்கு இன்னும் நெருக்கம். 'முதலிலார்க்கு ஊதியமில்லை' என்று குறளிலேயே முதல் என்ற சொல் முதலீடு என்ற பொருளில் நிற்கிறது. ஆனால் மின்கம்பத்தில் ஒட்டுகிற துண்டு நோட்டீஸும் சிறுமுதல்தானே? செலவு குறைவு என்பது வந்துவிட்டது; யோசனை வரவில்லை.

எனக்கு இதில் தெளிவு தந்தது அலெக்ஸ் டியூ செய்த காரியம். 2005 ஆகஸ்டில், கல்லூரிச் செலவுக்கு வழி தேடிய 21 வயது ஆங்கிலேயப் பையன். நீளத்தில் 1,000, அகலத்தில் 1,000 என்று பத்து லட்சம் பிக்சல் (திரையின் மிகச்சிறு புள்ளி) கொண்ட ஒரே ஒரு வெற்று இணையப் பக்கம் போட்டு, அதை விளம்பர இடமாக விற்றார். ஒரு பிக்சல் ஒரு டாலர். பத்துக்குப் பத்து கட்டமாகத்தான் வாங்க வேண்டும். திரையில் அது கடுகைவிடச் சற்றுப் பெரிசு, அவ்வளவுதான். முதல் கட்டங்களை நண்பர்களும் வீட்டாரும் வாங்கினார்கள். அந்தக் காசில் ஒரு செய்தி அறிக்கை விட்டார். அப்புறம் பத்திரிகைகளே ஊர் ஊராக எடுத்துச் சென்றன. 2006 ஜனவரியில் கடைசி 1,000 பிக்சல் ஈபே என்ற இணையச் சந்தையின் ஏலத்தில் 38,100 டாலருக்குப் போக, மொத்த வரவு 10,37,100 டாலர். விளம்பர இடம் விற்பவர் தன் கடைக்கு விளம்பரம் தேடிய கதை இது. அவர் போட்ட முதலீடு பணம் அல்ல, அந்த யோசனை.

நம் ஊரில் 'கைமுதல்' என்ற சொல் இன்றும் புழங்குகிறது. "கைமுதல் இல்லாமல் கடை வைக்க முடியுமா" என்கிறோம். கையில் இருப்பது கைமுதல் என்றால், மதியில் இருப்பது மதிமுதல். ஆகவே என் பரிந்துரை 'மதிமுதல் விளம்பரம்'. 'மதிமுதல் சந்தைப்படுத்தல்' என்றும் நீட்டலாம், ஆனால் வாய் நோகும்.

எழுதிப் பார்த்தேன்: "புது நிறுவனம், கைமுதல் குறைவு, மதிமுதலால் பெயர் வாங்கியது." "இந்த மாதம் மதிமுதல் விளம்பரம் மட்டும் போதும்." இரண்டும் இடறவில்லை. மதி என்றால் நிலவும் ஆகுமே என்று யாராவது கேட்கலாம். மதியுரை, மதிநுட்பம் எல்லாம் குழப்பமில்லாமல் ஓடுகின்றனவே, சரிதானா?

வைரல் மார்க்கெட்டிங்கை இதோடு சேர்க்க வேண்டாம் என்று நினைக்கிறேன். 1996இல் தொடங்கிய ஹாட்மெயில், பயனர் அனுப்பும் ஒவ்வொரு அஞ்சலின் அடியிலும் இலவசக் கணக்குக்கு ஒருவரி அழைப்பை வைத்தது. அங்கே ஆள் விட்டு ஆள் தொற்றுவதுதான் முக்கியம். அதற்குத் தனி இழை தொடங்குவோம்.

வியாழக்கிழமை கையேடு அச்சுக்குப் போகிறது. இதைவிட நல்ல சொல் யாரிடமாவது இருந்தால் அதற்குள் எழுதுங்கள், மாற்றிவிடுகிறேன்.

அன்புடன்