எலக்ட்ரிக் ஸ்லைசர்: வீட்டுக்குத் தேவையா, தண்டச் செலவா?

சாணைக்கல்: நம்ம மன்றத்தோட பிரியாணித் திரியில ஒருத்தர் அடிச்சு விட்டிருக்கார்: "ஸ்லைசர் இருந்தா ஒரு கிலோ வெங்காயம் அஞ்சே நிமிஷம், துளி வீணாகாது." அஞ்சு நிமிஷம், சரி. துளி வீணாகாதா? புஷ்ஷர் (காயை அமுக்குற கட்டை) பிளேடுல இடிக்கக் கூடாதுன்னு டிஸ்க்குக்கு (பிளேடு பதிச்ச சுத்துற தட்டு) மேல கொஞ்சம் இடைவெளி விட்டுத்தான் செய்வாங்க. அதுல மாட்டுற கடைசித் துண்டு சீவாம டிஸ்க் மேலயே சுத்திக்கிட்டு கிடக்கும். அதை எதால நறுக்குவார்? அரிவாள்மனையாலதானே?

மிக்சிமணி: அந்த "ஒருத்தர்" நான்தான், பேரைச் சொல்லியே எழுதுங்க. முதல் வெங்காயம் முக்கால்வாசி இறங்கினதும் அடுத்ததைப் போடணும். அது மேலேர்ந்து அமுக்கும். கிலோ முழுக்கச் சீவினாலும் கடைசியில மிஞ்சுறது ஒரே ஒரு துண்டு.

சாணைக்கல்: ஆக, மிஞ்சுது! அதோட, மேலேர்ந்து அமுக்கும்போது கீழ இருக்கிற துண்டு நேரா நிக்காது, சாயும். சாஞ்சா ஒரு ஓரம் பேப்பர், மறு ஓரம் பலகை. பொரிச்சா மெல்லிசு கருகிக் கசக்கும், தடிச்சது வெள்ளையாவே நிக்கும். அதைத்தான் பிரியாணி மேல தூவுவீங்களா?

கரண்டிக்காம்பு: ரெண்டு பேரும் எதைப் பேசுறீங்க? மிக்சியோட வர்ற டிஸ்க்கா, இறைச்சி சீவுற வட்ட பிளேடு மெஷினா?

மிக்சிமணி: சாயுதுன்னா காய் போடுற குழாயை நிரப்பத் தெரியலைன்னு அர்த்தம். வெங்காயத்தை ரெண்டாப் பிளந்து, ரெண்டு பாதியையும் நெருக்கி வைக்கணும். வேர்ப்பக்கமும் நுனிப்பக்கமும் படுத்த வாக்குல இருந்தா நீளநீளமா விழும், நிமிர்த்தி வெச்சா பிறைபிறையா விழும். புஷ்ஷரை ஒரே சீரா அமுக்கணும். ஓங்கி அமுக்கினா தடிப்பா வரும். வேகம் ஒண்ணுலயே இருக்கட்டும், கூட்டினா வெங்காயம் நசுங்கித் தண்ணி விடும்.

சாணைக்கல்: இவ்வளவு சாஸ்திரம் பார்க்கிற நேரத்துல அரிவாள்மனையில அரைக் கிலோ முடிஞ்சிரும். கடைசித் துண்டும் மிஞ்சாது.

ரொட்டிக்கூடை: வட்ட பிளேடு மெஷின் வேற ஜாதி. வீட்டுல ரொட்டி சுடுறவங்களுக்கு அது வரம். ஆனா ரொட்டி முழுக்க ஆறணும், சூட்டோட வெச்சா பிசுபிசுன்னு பிளேடுல அப்பும். எலும்பில்லாத கறியை ஃப்ரீசர்ல கொஞ்ச நேரம் வெச்சு விறைக்க விட்டா மெல்லிசா வரும். கல்லா உறைஞ்சதை வைக்காதீங்க, மோட்டார் திணறும். வீட்டு மாடலைத் தொடர்ந்து ஓட்டவும் கூடாது, சில நிமிஷம் ஓட்டி ஆற விடணும். கழுவும்போது முதல்ல பிளக்கைப் பிடுங்கிட்டு துண்டோட கனம் வைக்கிற திருகைப் பூஜ்யத்துக்குத் திருப்பணும். அப்பதான் பிளேடோட விளிம்பு பலகைக்குப் பின்னால மறையும்.

சாணைக்கல்: அதுலயும் ரொட்டியைப் பிடிச்சுத் தள்ளுற பிடிப்பானுக்குள்ள கடைசித் துண்டு மிஞ்சுமே!

ரொட்டிக்கூடை: ரொட்டியோட கடைசித் துண்டை அப்படியே திங்கலாம் சார்.

நேந்திரன்: வாழைக்காய் சிப்ஸுக்கு இது எதுவுமே சரிப்படாது. கையால சீவுற சிப்ஸ் கட்டையில சீவினா வில்லை ஒவ்வொண்ணா நேரா எண்ணெய்ல விழும், ஒட்டாது. டிஸ்க்ல சீவினா பாத்திரத்துல அடுக்கா விழுந்து பசை பிடிச்சிக்கும். மஞ்சள் தண்ணியில போட்டுப் பிரிச்சு, துணியில ஒத்தி எடுத்து… ரெட்டை வேலை. ஈரத்தோட போட்டா எண்ணெய் பொங்கும்.

மிக்சிமணி: இங்க வெங்காயம்தான் பேச்சு. பீன்ஸையும் யாராவது கேட்கிறதுக்குள்ள சொல்லிடறேன்: குழாயில நிமிர்த்தி நெருக்கினா வட்டவட்டமா வரும். முட்டைக்கோஸ் பொரியலுக்கு அரிவாள்மனை அளவுக்குப் பொடிசா வராது, அதை ஒத்துக்கிறேன்.

சாணைக்கல்: பார்த்தீங்களா, ஒத்துக்கிட்டார்!

மிக்சிமணி: கோஸுக்கு மட்டும்தான் சொன்னேன். கிரைண்டர் திரியில "கல் தேயவே தேயாது, கொத்தத் தேவையில்லை"ன்னு சாதிச்சவர் நீங்கதானே? அந்தக் கணக்குல உங்க அரிவாள்மனையும் மழுங்காது போல.

சாணைக்கல்: அரிவாள்மனை மழுங்கினா சாணை பிடிக்கலாம். டிஸ்க் பிளேடு மழுங்கினா டிஸ்க்கையே மாத்தணும், பழைய மாடலுக்குக் கிடைக்கவும் கிடைக்காது. கிரைண்டரை இங்க எதுக்கு இழுக்கறீங்க?

கரண்டிக்காம்பு: நான் கேட்டதுக்கு யாரும் பதில் சொல்லலை.

மிக்சிமணி: சாணைக்கல் சார், குழாயை நெருக்கி நிரப்பினீங்களா இல்லையா? அதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க.

சாணைக்கல்: ரொம்ப நெருக்கினா வெங்காயம் கீழ இறங்காம சிக்கும். அது இருக்கட்டும், "துளி வீணாகாது"ன்னு எழுதினதை இன்னும் திருத்தலையே. கடைசித் துண்டு எங்க போச்சு?