ஜெபித்தும் மனசு அடங்கவில்லை, என் விசுவாசம்தான் குறைவா?

பனைமரத்தடி:
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். ரொம்ப நாளாக எழுத நினைத்து இன்றைக்குத்தான் துணிந்தேன். வயது 36, சொந்த ஊர் நாசரேத் பக்கம், வேலை கோயம்புத்தூரில். போன மாசியில் அப்பா பக்கவாதம் வந்து படுத்தார், 19 நாளில் போய்விட்டார். அந்த வருஷப் புத்தாண்டு ஆராதனையில் எனக்குக் கிடைத்த வாக்குத்தத்த அட்டை யோவான் 14:27, "என்னுடைய சமாதானத்தையே உங்களுக்குக் கொடுக்கிறேன்". ஃபிரேம் போட்டுச் சுவரில் மாட்டியிருந்தேன். இப்போது அதைப் பார்த்தாலே நெஞ்சை அடைக்கிறது, கழற்றி பீரோவுக்குள் வைத்துவிட்டேன்.

தினமும் 3 மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. முழங்கால் போட்டால் ஜெபம் வருவதில்லை, ஆஸ்பத்திரி வராந்தாதான் வருகிறது. சபையில் ஒரு அக்காவிடம் சொன்னேன். "விசுவாசித்தால் கலக்கம் இருக்காதே, அறிக்கையிடாத பாவம் ஏதாவது இருக்கும், யோசித்துப் பார்" என்றார். யோசித்து யோசித்தே இருக்கிற தூக்கமும் போயிற்று. விசுவாசத்தில் மனசமாதானம் கண்டவர்கள் இங்கே இருந்தால் அது எப்படி வந்தது என்று சொல்லுங்கள். வெறும் வசனம் அனுப்ப வேண்டாம், எனக்கும் தெரியும்.

சாயர்புரம்_வாத்தியார்:
தங்கச்சி, அந்த அக்கா நல்ல எண்ணத்தில் சொல்லியிருக்கலாம், ஆனால் சொன்னது சரியில்லை. வசனம் வேண்டாம் என்றாய், இருந்தாலும் உன் அட்டையில் இருந்த வசனத்தைப் பற்றியே ஒன்று சொல்ல விடு. 14ஆம் அதிகாரம் "உங்கள் இருதயம் கலங்காதிருப்பதாக" என்றுதான் தொடங்குகிறது. அதைச் சொன்ன இயேசுவே அதே யோவான் 12:27இல் "என் ஆத்துமா கலங்குகிறது" என்கிறார், 13:21இல் ஆவியிலே கலங்கினார் என்று எழுதியிருக்கிறது. மூன்று இடத்திலும் ஒரே வார்த்தை, கலங்குதல். பிடிபடப்போகிற ராத்திரியில், தானே கலங்கியிருந்தபோது கொடுத்த சமாதானம் அது. அப்படியிருக்க, கலங்குவதே அவிசுவாசம் என்று யார் சொல்ல முடியும்?

என் கதையையும் சொல்கிறேன். என் மனைவி போய் 11 வருஷமாகிறது. முதல் ஆறு மாதம் கோவிலுக்குப் போவேன், பாட்டு வரும்போது வாயைத் திறக்க மாட்டேன். எங்கள் சபை ஐயர், போதகர்தான், வாரம் ஒரு தடவை வந்து திண்ணையில் உட்காருவார், காபி குடிப்பார், போய்விடுவார், ஒரு நாளும் புத்தி சொன்னதில்லை. ஒரே ஒரு தடவை 88ஆம் சங்கீதத்தை வாசித்துக் காட்டினார். அதை எடுத்துப் பார், கடைசி வரி வரைக்கும் இருட்டுதான், ஆறுதலாக முடிவதே இல்லை. அப்படியொரு புலம்பலையும் ஜெபம் என்று வேதத்தில் வைத்திருக்கிறார்களே என்று அன்றைக்குத்தான் எனக்குப் பட்டது. அதற்கப்புறம் நானும் அழகாக ஜெபிப்பதை விட்டுவிட்டு, "ஏன் எடுத்தீர்?" என்று கேட்கத் தொடங்கினேன். சண்டைதான். ஆனால் சண்டை போட எதிரில் ஆள் இருக்க வேண்டும் அல்லவா, அவர் இருக்கிறார் என்பது அந்தச் சண்டையில்தான் எனக்கு உறைத்தது.

சமாதானம் வந்த நாள் என்று ஒன்றைக் குறித்துச் சொல்ல முடியாது. அந்த வருஷ அசனப் பண்டிகைக்கு, சபையார் எல்லாரும் சேர்ந்து சாப்பிடுகிற விருந்துக்கு, முந்தின ராத்திரி, கோவில் வளாகத்தில் நாலைந்து பேரோடு உட்கார்ந்து கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். கூடை காலியானபோதுதான் கவனித்தேன், ஒரு மணி நேரமாக நெஞ்சில் அந்தக் கல் இல்லை. மறுநாள் திரும்பி வந்தது. ஆனால் அது இல்லாமலும் இருக்க முடியும் என்று தெரிந்துவிட்டது. பவுல் சிறையிலிருந்து பிலிப்பியருக்கு எழுதும்போது "மனரம்மியமாயிருக்கக் கற்றுக்கொண்டேன்" என்கிறார். அவருக்கே கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது தங்கச்சி.

காவிரிக்கரை:
நான் கத்தோலிக்கப் பெண், அதனால் என் பேச்சு கொஞ்சம் வேறு மாதிரி இருக்கும். எனக்கு உதவியது சத்தமில்லாத ஜெபம். குளித்தலை பக்கம் தண்ணீர்பள்ளியில் சாந்திவனம் ஆசிரமம் இருக்கிறது, 1950இல் இரண்டு பிரெஞ்சுத் துறவிகள் காவிரிக் கரையில் தொடங்கியது. என் விவாகரத்துக்குப் பிறகு அங்கே நாலு நாள் தங்கினேன். முதல் இரண்டு நாள் அழுகையைத் தவிர ஒன்றுமில்லை. மூன்றாம் நாள், மூச்சை இழுக்கும்போது "ஆண்டவர் இயேசுவே", விடும்போது "என்மேல் இரங்கும்" என்று மட்டும் சொல்லிக்கொண்டு ஆற்றங்கரையில் உட்கார்ந்திருந்தேன். கீழைத் திருச்சபைத் துறவிகளிடமிருந்து வந்த பழைய ஜெபம் அது. பெரிய அனுபவம் எதுவும் இல்லை, மூச்சு சீரானது, அவ்வளவுதான். ஆனால் 3 மணிக்கு வார்த்தை வராதவர்களுக்கு அது கைகொடுக்கும் அக்கா, புதிதாக எதையும் யோசிக்க வேண்டியதில்லை.

இரவுப்பணி_நர்ஸ்:
மேலே சொன்ன எல்லாவற்றுக்கும் ஆமென். ஆனால் ஒன்றை யாரும் கேட்கவில்லை. அக்கா, நீங்கள் சரியாகச் சாப்பிடுகிறீர்களா? எத்தனை மாதமாக இந்த 3 மணி விழிப்பு? எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின்கீழ் படுத்து "போதும் கர்த்தாவே" என்று சாகக் கேட்டபோது தேவன் முதலில் பிரசங்கம் அனுப்பவில்லையே. தூங்க விட்டார், தூதனை அனுப்பித் தட்டி எழுப்பி, சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தார், மறுபடி தூங்க விட்டார், மறுபடி கொடுத்தார். தேவனுடைய மெல்லிய சத்தம் கேட்டதெல்லாம் 40 நாள் நடந்து ஓரேப் மலைக்குப் போன பிறகுதான். தயவுசெய்து ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். மாத்திரை தேவை என்றால் எடுத்துக்கொள்ளுங்கள், அது விசுவாசக் குறைவு ஆகாது. சாக வேண்டும் என்ற எண்ணம் எப்போதாவது வந்தால் விடியும் வரை காத்திருக்காதீர்கள், அந்த நிமிஷமே யாரையாவது எழுப்புங்கள். 14416க்கு எந்த நேரமும் அழைக்கலாம், அரசின் டெலிமானஸ் மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம்.

பனைமரத்தடி:
அழுதுகொண்டேதான் எல்லாவற்றையும் வாசித்தேன். சாக வேண்டும் என்றெல்லாம் இல்லை தங்கச்சி, பயப்படாதே. சாப்பாடு மட்டும் பாதிநாள் இல்லை, கேட்டதற்கு நன்றி. வாத்தியார் அண்ணாச்சி, 88ஆம் சங்கீதத்தை இப்போதுதான் முழுதாகப் படித்தேன், இத்தனை வருஷம் சபையில் யாரும் அதை வாசித்து நான் கேட்டதே இல்லை. அப்பாவின் பழைய வேதாகமம் என்னிடம்தான் இருக்கிறது. அதே சங்கீதத்தின் ஓரத்தில் அவர் பென்சிலால் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறார். எந்தச் சமயத்தில் போட்டாரோ, வீட்டில் ஒரு நாளும் சொன்னதில்லை. டாக்டரிடம் சனிக்கிழமைக்கு நேரம் வாங்கியிருக்கிறேன். அட்டை இன்னும் பீரோவில்தான் இருக்கிறது.