புதுப்பிப்பு: பேனல் பாக்ஸ் மூலை இடைவெளி, டிக்கா பிரேசிங்கா?

பாலக்காட்டுக் கணவாயில் உள்ள வாளையார் பக்கம் வெட்டவெளியில் நிற்கும் 1.2 மி.மீ. தகட்டு மின் பேனல் பெட்டியின் மூலைகளை எப்படி அடைப்பது என்று முன்பு கேட்டிருந்தேன். கணவாய்க் காற்றோடு வரும் தென்மேற்குப் பருவமழை அங்கே பக்கவாட்டில் அடிக்கும். ஊசி ஓட்டை போதும், உள்ளே தண்ணீர்.

இடைவெளி 0.5 மி.மீ.க்குள் இருந்தால் இடைவெளியை நிரப்பும் ஃபில்லர் கம்பி இல்லாமலே டிக்கில் (வாயுக் காப்பில் மின்வில்லால் உருக்கும் வெல்டிங்) உருக்கிச் சேர்க்கலாம். 35 முதல் 50 ஆம்பியர் போதும். இரு முனையிலும் நடுவிலும் புள்ளி வைத்துவிட்டு, உள்பக்கம் செம்புப் பட்டையை அணைத்துப் பிடித்து ஓட்டுங்கள். தகடு பொத்துப் போகாது.

1 மி.மீ.யைத் தாண்டினால் சிலிக்கான் வெண்கலக் கம்பியால் பிரேசிங்தான் (தகட்டை விட்டுக் கம்பியை மட்டும் உருக்கி ஒட்டுவது) என் தேர்வு. அது சுமார் 1000 டிகிரியிலேயே உருகுவதால் தகடு உருகாது, வளைவதும் குறைவு. ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) தகட்டில் மட்டும் கவனம்: துத்தநாகம் 907 டிகிரியிலேயே ஆவியாகும், வெல்டில் துளை விழும். ஓரத்தைத் தேய்த்துவிட்டுத் தொடங்குங்கள். அந்தப் புகையைச் சுவாசிக்காதீர்கள்.

கேஸ் பிரேசிங்கில் பித்தளை வைத்தால் பித்தளை பற்றிக்கொள்ளத் தூவும் வெங்காரத்தின் கசடு கண்ணாடிபோல் ஒட்டிக்கொள்ளும். வெந்நீரில் ஊறவைத்து, கம்பி பிரஷ்ஷால் சுரண்டி எடுக்காவிட்டால் பவுடர் கோட்டிங் (தூளாகத் தூவி அடுப்பில் சுடும் பெயின்ட்) அங்கேதான் முதலில் உரியும்.

ஈயப் பற்றவைப்பு வேண்டாம். 60/40 (வெள்ளீயம்/ஈயம்) கலவை 190 டிகிரிக்குள் உருகிவிடும். பவுடர் அடுப்பே 180 முதல் 200 வரை.

பாதி மூடிய மூலை இன்னும் மோசம். பெயின்ட்டுக்கு முன் துரு நீக்க ஆசிட் தொட்டியில் முக்கும்போது இடுக்கில் ஆசிட் தங்கி, பிறகு பெயின்ட்டுக்கு அடியில் துருவாகக் கசியும். அதனால் தொட்டிக்கு முன்பே சோதியுங்கள்: வெளியே சுண்ணாம்புக் குழம்பு பூசிக் காயவிட்டு, உள்ளே மண்ணெண்ணெய் தடவினால் ஓட்டை உள்ள இடம் கறுத்துக் காட்டும். எண்ணெய்ப் பிசுக்கை முழுக்கக் கழுவிய பிறகே ஆசிட்.