புதுப்பிப்பு: இலவசக் கணினி விளையாட்டுகளை வயதுவாரியாகப் பிரித்த கதை

செல்லூரில் எங்கள் மாடியில் நடக்கும் மாலை வகுப்புக்கு எந்த வயதுக்கு எந்த இலவச விளையாட்டு என்று சித்திரைத் திருவிழாவுக்கு முன் இங்கே கேட்டிருந்தேன். யோசனை சொன்ன அனைவருக்கும் நன்றி. இப்போது நிலவரம் இது.

சிறு சிறு கற்றல் விளையாட்டுகளின் தொகுப்பான ஜிகாம்ப்ரி 2 முதல் 10 வயது வரை, படம் வரையும் டக்ஸ் பெயின்ட் 3 முதல் 12, கட்டளைக் கட்டங்களை அடுக்கி நிரல் எழுதும் ஸ்க்ராட்ச் 8 முதல் 16 என்று உருவாக்கியவர்களே சொல்லியிருக்கிறார்கள். அதை வைத்துத்தான் பிரித்தேன். முதல் வாரமே கலைந்துவிட்டது. 7 வயதுச் சிறுமி ஒருத்தி மவுஸை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தபடி, அம்புக்குறியைக் காணோம் என்று கண் கலங்கினாள். அதுவரை அவள் கைபேசித் திரையை மட்டுமே தொட்டிருக்கிறாள். அவளை ஜிகாம்ப்ரியின் மவுஸ் பயிற்சியில் உட்கார வைத்தேன். நகர்த்த நகர்த்தக் கட்டங்கள் அழிந்து அடியில் இருக்கும் படம் தெரியும். நான்காம் நாள் பக்கத்துப் பையனுக்கு அவளே சொல்லிக் கொடுத்தாள்.

ஆகவே வயதை இரண்டாவதாக வைத்துவிட்டேன். மவுஸ் பழகிவிட்டதா, எழுத்துக்கூட்டிப் படிக்க வருமா என்பதே முதல் கேள்வி. ஜிகாம்ப்ரியில் கடினத்தை 1 முதல் 6 நட்சத்திரம் வரை குறித்திருப்பது பெரிய உதவி. விழும் வால்மீன்களில் கணக்கு வரும் டக்ஸ்மேத்தை, கூட்டல் தடுமாறும் பிள்ளைகளுக்குத் தருவதில்லை. பதற்றத்தில் தெரிந்ததும் மறந்துவிடுகிறது.

இலவசம் என்று சொல்லி நடுவில் விளம்பரம் காட்டியவற்றை எல்லாம் நீக்கிவிட்டேன். திருமங்கலத்திலிருந்து கேட்ட அக்காவுக்கு ஜிகாம்ப்ரி, டக்ஸ் பெயின்ட், ஸ்க்ராட்ச் மூன்றையும் பென்டிரைவில் போட்டு வைத்திருக்கிறேன். நிறுவிவிட்டால் இணையம் தேவையில்லை.