குளிரில செமி ஒட்டோ துவக்கு முதல் வெடியோட நிக்குது: என்ன பிழை?

ஸ்கூகொக்_கரை (கேள்வி)

வணக்கம் அண்ணைமார். 12 கேஜ் (குழலின்ர அளவு) செமி ஒட்டோ, எண்டால் சுட்டதும் தானா அடுத்த தோட்டாவை ஏத்துறது. கேஸில ஓடுற வகை: வெடிக் கேஸில கொஞ்சம் குழலின்ர ஓட்டையால வந்து பிஸ்ரனைத் தள்ளி, போல்ற்றைப் பின்னுக்கு அனுப்பும். 3 அங்குலச் சேம்பர் (தோட்டா இருக்கிற அறை), 28 அங்குலக் குழல். கோடையில பறக்க விடுற களிமண் தட்டுக்குச் சுடேக்க ஒரு பிழையும் இல்லை. இங்க கனடாவில இப்ப நவம்பர் கடைசி, விடிய மைனஸ் 11. சோள வயலில வாத்துக்கு வெடி வைக்கேக்க ஒழுங்கா ஓடுதில்லை.

முதல் வெடி சரி. பிறகு ரெண்டில ஒண்டு நடக்குது. வெற்றுக் கோது வெளியில போகாமல் போல்ற்றுக்கும் (சேம்பரைப் பின்னால மூடுற உருக்குத் துண்டு) கோது வெளியேறுற வாசலுக்கும் இடையில நெரிஞ்சு நிக்கும். இல்லாட்டி கோது போயிடும், அடுத்த தோட்டாவும் மேல ஏறும், ஆனால் போல்ற் மூட ஒரு விரல் அகலம் இருக்கேக்க நிண்டுடும். கையால தள்ளினால் மூடும். ஒருக்கா விசை இழுக்க 'டிக்' எண்ட சத்தம் மட்டும், வெடி இல்லை.

தோட்டா 3 அங்குலம், ஒண்டேகால் அவுன்ஸ் ஸ்ரீல் சன்னம், 2ஆம் நம்பர், செக்கனுக்கு 1450 அடி வேகம். சீசனுக்கு முதல் உள்ளெல்லாம் நல்லா ஒயில் விட்டிருக்கு. குழலில கிடக்கிற கேஸ் ஓட்டையைத் துளைச்சுப் பெருப்பிக்கச் சொல்லி ஒராள் சொல்லுறார். செய்யலாமோ?

இடியன்_வன்னி

துளைக்காதேங்கோ தம்பி. முதல்ல அந்தத் துளைகருவியைத் தூர வையுங்கோ.

ஓட்டையைப் பெருப்பிச்சால் மைனஸ் 11 இல ஓடும், உண்மைதான். ஆனால் அதே துவக்கில ஒக்ரோபர் வெயிலில 3 அங்குலத் தோட்டா போட்டால் தேவைக்கு மேலான கேஸ் பிஸ்ரனை அடிக்கும். போல்ற் வேகமாப் பின்னுக்குப் போய் றிசீவரின்ர (போல்ற் ஓடுற பெட்டி) பின்சுவரில இடிக்கும். கொஞ்ச நாளில பிஸ்ரனையும் போல்ற்றையும் இணைக்கிற அக்ஷன் பார் வளையும், றிசீவரில வெடிப்பு விழும். துளைச்ச ஓட்டையைத் திருப்பி அடைக்க ஏலாது, புதுக் குழல்தான் வாங்க வேணும். தட்டுக்குப் போடுற மெல்லிசுத் தோட்டாவிலயே கோடையில ஓடின துவக்குக்கு ஓட்டை சின்னன் எண்டு ஆர் சொன்னது?

நீங்கள் எழுதினதில பதில் கிடக்கு: "உள்ளெல்லாம் நல்லா ஒயில்". என்ன ஒயில்? போல்ற்றைத் திருப்பி முன்னுக்குத் தள்ளுற ஸ்பிரிங் எங்க இருக்கு? தோட்டா அடுக்கிற மகசின் குழாயைச் சுத்தியோ, பின்பக்க மரத்துக்கு உள்ளயோ? கடைசியா எப்ப மரத்தைக் கழட்டினது?

ஸ்கூகொக்_கரை

கடையில எல்லாத்துக்கும் அடிக்கிற ஸ்பிரே ஒண்டும், வழக்கமான துவக்கு ஒயிலும் அண்ணை. ஸ்பிரிங் பின்பக்க மரத்துக்கு உள்ள. மரத்தை இதுவரை ஒருக்காலும் கழட்டேல்லை.

இடியன்_வன்னி

அப்ப ஆள் பிடிபட்டுட்டார். ஏன் எண்டு சொல்லுறன், பிறகு வேலையைச் சொல்லுறன்.

குளிரில மூண்டு விசயம் ஒரே நேரத்தில நடக்குது. வெடிமருந்து கொஞ்சம் மெதுவா எரியும், அதால கேஸ் அமுக்கம் குறையும். ஒயில் தேன் மாதிரித் தடிக்கும், அதால இழுவை கூடும். மூண்டாவது, பின் மரத்துக்குள்ள இருக்கிற அந்தக் குழாய். துவக்கை நிமித்தி வைக்க வைக்க றிசீவரில விட்ட ஒயில், கரித்தூள், மழைத் தண்ணி எல்லாம் அந்தக் குழாய்க்குள்ளதான் வடியும். அங்க கறளும் ஒயிலும் சேர்ந்து மண்ணிறக் களி ஆகிடும். கோடையில களி இளகி ஸ்பிரிங் அசையும். மைனஸ் 11 இல களி இறுகும். போல்ற் முழுத்தூரம் பின்னுக்குப் போகாட்டி கோது நெரியும். பின்னுக்குப் போய், திரும்பி வரப் பலம் காணாட்டி ஒரு விரல் அகலத்தில நிக்கும். உங்கட ரெண்டு பிழைக்கும் ஒரே இடம்தான் காரணம்.

வேலை:

முதல்ல சேம்பரும் மகசினும் வெறுமையோ எண்டு கண்ணாலயும் சின்னி விரலாலயும் பாருங்கோ. தோட்டாப் பெட்டி மற்ற அறையில இருக்கட்டும்.

தோளில முட்டுற றப்பரில ரெண்டு திருகாணி இருக்கும். ஸ்க்ரூ டிரைவர் நுனியில கொஞ்சம் சவுக்காரம் பூசி விடுங்கோ, இல்லாட்டி றப்பர் கிழியும். உள்ள ஆழத்தில ஒரு நட், நீட்டுச் சொக்கெற்றால கழட்டினால் மரம் பின்பக்கமா வரும். இப்ப தெரியிற குழாயின்ர முடியில கவனம்: உள்ள ஸ்பிரிங் அமுங்கி இருக்கு. கண்ணாடி போடுங்கோ, முடிக்கு மேல ஒரு துணியைப் போத்திப் பிடிச்சுக்கொண்டு மெல்ல விடுங்கோ. சில மொடலில முடி திருகுறது, சிலதில ஊசி போட்டிருக்கும். கையேட்டைப் பாராமல் இழுக்காதேங்கோ.

ஸ்பிரிங்கை வெளியில எடுத்து, குழாய்க்குள்ள சொல்வென்ற் விட்டு, சின்னப் பிரஷால உரஞ்சி, துணி வெள்ளையா வரும்வரை துடைக்க வேணும். அஞ்சாறு துணியாவது போகும். குழாயின்ர அடியில தண்ணி வடிய ஒரு சின்ன ஓட்டை இருந்தால் அது அடைபட்டிருக்கும், திறந்து விடுங்கோ. ஸ்பிரிங்கில கறள் குழி விழுந்திருந்தாலோ, புதுசோட பக்கத்தில வைக்கக் கட்டையாத் தெரிஞ்சாலோ மாத்துங்கோ. விலை பெரிசில்லை.

திருப்பிப் போடேக்க மெல்லிய சிந்தெற்றிக் ஒயில் ரெண்டு துளியைத் துணியில விட்டு, அந்தத் துணியால ஸ்பிரிங்கை ஒருக்கா உருவினால் போதும். தொட்டால் விரல் மினுங்க வேணும், நனையக் கூடாது.

அந்த ஸ்பிரே இனி வேண்டாம். காய்ஞ்சால் பிசின் மாதிரிப் படியும். கழுவ உதவும், பூசி விட உதவாது. வன்னியில இடியன் துவக்கு (குழல் வாயால மருந்து இடிச்சு நிரப்புற நாட்டுத் துவக்கு) பிடிச்ச ஆக்களுக்கு மருந்து நனையாமல் இருந்தால் போதும், இந்த ஸ்பிரிங், பிஸ்ரன் ஒண்டும் இல்லை. இதில அசையிற ஒவ்வொரு துண்டும் ஒயில் கேட்கும், ஆனால் அளவாத்தான் கேட்கும்.

லோங்பொயின்ற்_தாரா

அண்ணை சொன்னதுதான் முதல் வேலை. முன்பக்கத்தையும் விடாதேங்கோ. முன் மூடியைக் கழட்டி, முன் மரம், குழல், பிஸ்ரன் எல்லாம் எடுங்கோ. பிஸ்ரனில கரி கல்லு மாதிரி இருக்கும், சொல்வென்ற்றில ஒரு இரவு ஊற விட்டால் பித்தளைப் பிரஷுக்கு வரும். குழலின்ர கேஸ் ஓட்டைக்குள்ள செப்புக் கம்பி விட்டுச் சுத்திப் பாருங்கோ. உருக்குக் கம்பி வேண்டாம், விளிம்பைச் சுரண்டும். மகசின் குழாயின்ர வெளிப்பக்கத்தை ஆக மெல்லிய உருக்குப் பஞ்சால தேய்ச்சு, துடைச்சு, உலர விடுங்கோ. பிஸ்ரன் ஓடுற இடத்தில ஒயில் விட்டால் வெடியில அது எரிஞ்சு புதுக் கரி ஆகும்.

சில மொடலில மகசின் குழாயில ஒரு றப்பர் ஓ-றிங் இருக்கும். அதில மயிர் அளவு வெடிப்பு இருந்தாலும் கேஸ் பறக்கும், துவக்கு நிக்கும். பையில ரெண்டு மேலதிகமா வைச்சிருங்கோ.

அந்த 'டிக்' சத்தம் வேற கதை. போல்ற் முழுசா மூடாமல் இருந்திருக்கலாம். இல்லாட்டி தோட்டாவைத் தட்டுற ஊசி ஓடுற ஓட்டைக்குள்ள ஒயில் தடிச்சு, ஊசி மெதுவாத் தட்டியிருக்கும். அந்தத் தோட்டாவின்ர கப்பை, எண்டால் அடியில ஊசி தட்டுற சின்ன மூடியைப் பாருங்கோ: பள்ளம் ஒண்டும் இல்லாட்டி முதலாவது, மெல்லிய பள்ளம் எண்டால் ரெண்டாவது. இனி 'டிக்' கேட்டால் உடன திறக்காதேங்கோ. குழலைப் பாதுகாப்பான பக்கம் பிடிச்சுக்கொண்டு 60 விநாடி பொறுங்கோ, பிந்தி வெடிக்கலாம். வழக்கமான வெடிச் சத்தம் இல்லாமல் 'புஸ்' எண்டு கேட்டாலும் நிப்பாட்டி, துவக்கை வெறுமையாக்கி, குழலுக்குள்ள பாருங்கோ. பிளாஸ்ரிக் வாட் (தோட்டாவுக்குள்ள சன்னத்துக்கும் மருந்துக்கும் இடையில இருக்கிற துண்டு) உள்ள சிக்கி இருக்கேக்க அடுத்ததைச் சுட்டால் குழல் பிளக்கும்.

கோது_பொறுக்கி

வயலில விழுந்த கோதுகளை எறியாதேங்கோ, அது எழுதி வைச்ச கடிதம். வாய் தட்டையா நெரிஞ்சிருந்தால் போல்ற் குறுக்கத்தான் போகுது, கேஸ் காணாது அல்லது இழுவை கூட. அடியில பித்தளை விளிம்பு ஒரு பக்கம் வளைஞ்சு, கிழிஞ்சிருந்தால் சேம்பரில கோது ஒட்டுது. அதுக்கு ஸ்பிரிங் மாத்திப் பலன் இல்லை, சேம்பரைத்தான் உரஞ்ச வேணும். குழலைத் தனியாக் கழட்டி, புதுத் தோட்டா ஒண்டை சேம்பருக்குள்ள விடுங்கோ. தானா விழுந்து, சரிக்கேக்க தானா வெளியில வர வேணும். விரல் நகத்தால இழுக்க வேண்டி இருந்தால் பிளாஸ்ரிக் படிஞ்சு கிடக்கு.

இன்னொரு சோதனை. கேஸ் வகையில பெரும்பாலும் சரி வரும்: சுடுதளத்தில மகசினுக்குள்ள ஒரே ஒரு தோட்டா, அதை ஏத்திச் சுடுங்கோ. போல்ற் பின்னுக்குப் போய்ப் பூட்டி நிண்டால் கேஸ் காணும். பூட்டாமல் மூடினால் காணாது. ஒண்டில பூட்டி, மூண்டு போடத் தடக்கினால் பிழை மகசின் ஸ்பிரிங்கில, இல்லாட்டி உள்ள வைச்ச பிளக்கில (மகசினில கனக்கத் தோட்டா ஏறாமல் மறிக்கிற கட்டை). பிளக்கைக் கழட்டிப்போட்டு வயலுக்குப் போகாதேங்கோ. வலசைப் பறவைக்குத் துவக்கில மூண்டு தோட்டாவுக்கு மேல ஏறக் கூடாது எண்டது சட்டம்.

பாத்து முடிய எல்லாக் கோதையும் பொறுக்குங்கோ. சோளக் கட்டையுக்குள்ள பிளாஸ்ரிக் கிடந்தால் கமக்காரர் அடுத்த வருசம் படலை திறக்க மாட்டார்.

மெல்லிசுத்_துவக்கு

இடையில ஒரு கேள்வி. என்னட்ட இருக்கிறது கேஸ் இல்லை, இனேர்ஷியா வகை, துவக்கு பின்னுக்கு உதைக்கிற பலத்தில ஓடுறது. இதுக்கும் இந்த வேலைதானோ?

இடியன்_வன்னி

பின் மரத்து ஸ்பிரிங் உங்களுக்கும் இருந்தால் அது பொதுவான வேலை. கேஸ் ஓட்டை, பிஸ்ரன் ஒண்டும் உங்களுக்கு இல்லை. ஆனால் ஒரு தனிக் குணம் இருக்கு. போல்ற் தலை சுத்திப் பூட்டுற வகை அது. படகிலயோ மறைவிடத்திலயோ போல்ற்றின்ர கைபிடி எதிலயாவது மெல்ல முட்டினால் தலை கொஞ்சம் கழண்டு நிக்கும், கண்ணுக்கு மூடினது மாதிரித்தான் தெரியும், விசை இழுக்க 'டிக்'. தோட்டா ஏத்தினால் போல்ற்றைக் கையால கூட்டிக்கொண்டு போகாதேங்கோ, பின்னுக்கு இழுத்துச் சட்டெண்டு விடுங்கோ. மறைவிடத்தில இடைக்கிடை கைபிடியை முன்னுக்கு ஒருக்கா அமத்திப் பாருங்கோ, குழல் ஆள் இல்லாத பக்கம் பார்க்க. தடிச்ச குளிர்ச்சட்டைக்கு மேல தளர்வாப் பிடிச்சாலும் அந்த வகை நிக்கும், அதுக்குத் தோளில உறுதியான எதிர்ப்பு வேணும்.

கூன்முதுகு

அப்பாவின்ர காலத்து பிரௌனிங் ஒட்டோ-5, பெல்ஜியத்தில செய்தது. அதுவும் குளிரில இப்பிடித்தான். அதுக்கு என்ன?

லோங்பொயின்ற்_தாரா

அது கேஸும் இல்லை, இனேர்ஷியாவும் இல்லை. குழலே போல்ற்றோட சேர்ந்து பின்னுக்குப் போற வகை. முன் மரத்தைக் கழட்டி வளையங்களைப் பாருங்கோ. பாரத் தோட்டாவுக்கு றிசீவர் பக்கத்தில இருந்து ஒழுங்கு: ஸ்பிரிங், உருக்கு வளையம் (சரிவுப் பக்கம் வெண்கலத்தைப் பார்க்க), வெண்கல உராய்வுத் துண்டு. மெல்லிசுத் தோட்டாவுக்கு உருக்கு வளையம் ஸ்பிரிங்குக்குப் பின்னால, றிசீவரை ஒட்டிப் போகும், முன்னால வெண்கலம் மட்டும் நிக்கும். பார ஒழுங்கில மெல்லிசுத் தோட்டா போட்டால் நிக்கும். மெல்லிசு ஒழுங்கில பாரத் தோட்டா போட்டால் முன் மரத்தில வெடிப்பு விழும். பழைய ஆக்கள் மகசின் குழாயில ஒயில் ஊத்துவினம். அதை நல்லாத் துடைச்சு மெல்லிய படலம் மட்டும் விடுங்கோ.

அதைவிட முக்கியம்: அந்தப் பெல்ஜியக் குழலில ஸ்ரீல் சன்னம் போடாதேங்கோ. ஈயம் மாதிரி ஸ்ரீல் நசியாது, சோக் (குழல் நுனியில ஒடுங்கிற பகுதி) இருக்கிற இடம் வீங்கும். வாத்து, தாராவுக்கு ஈயம் இந்த நாட்டில 1999 இல இருந்து முழுசாத் தடை. அதால உங்களுக்கு ஸ்ரீலை விட மென்மையான பிஸ்மத் உலோகச் சன்னத் தோட்டாதான் வழி. விலை கூட, ஆனால் அந்தக் குழல் திருப்பி வராது.

ஸ்கூகொக்_கரை

அண்ணைமார், மரத்தைக் கழட்டியாச்சு. குழாயைக் கவிழ்க்க ஒரு தேக்கரண்டி அளவு மண்ணிறத் தண்ணியும், அதுக்குப் பிறகு கஞ்சி மாதிரிக் களியும் வந்தது. ஸ்பிரிங்கின்ர கடைசி நாலு சுத்தில கறள் குழி, புதுசு வாங்கியாச்சு. வடியிற ஓட்டை முழுசா அடைபட்டுத்தான் கிடந்தது. 'டிக்' சொன்ன தோட்டாவின்ர கப்பில மெல்லிய பள்ளம் இருக்கு, அதால ஊசி ஓட்டையையும் கழுவி உலர விட்டன். வயலுக்குப் போகமுதல் வீட்டில எப்பிடிச் சோதிக்கிறது?

இடியன்_வன்னி

வெறுந்துவக்கைப் பூட்டோட கராஜில மூண்டு மணித்தியாலம் குளிர விடுங்கோ. பிறகு பூட்டைக் கழட்டி, போல்ற்றை முழுசாப் பின்னுக்கு இழுத்து, கைபிடியை விடாமல் பாதித் தூரம் மெதுவாக் கூட்டிக்கொண்டு வந்து, அங்க இருந்து விடுங்கோ. தானா முழுசா மூடிப் பூட்ட வேணும். பாதியில இருந்து மூடாட்டி இன்னும் எங்கயோ ஒயில் கிடக்கு. அனேகமா விசைக் கூட்டுக்குள்ள: ரெண்டு ஊசியைத் தள்ளினால் முழுசா வெளியில வரும், சொல்வென்ற்றில அலம்பி உலர்த்துங்கோ.

வயலில இருந்து வந்தால் சூட்டு வீட்டுக்குள்ள உடன உறையைத் திறக்காதேங்கோ. குளிர்ந்த உருக்கில ஈரம் பனி மாதிரிப் படியும், அடுத்த நாள் விடிய அதுவே ஐஸ். உறையோட அறைச் சூட்டுக்கு வர விட்டு, பிறகு திறந்து துடைச்சு, குழல் கீழ பார்க்க ஒரு துணிக்கு மேல பூட்டு அலுமாரியில வையுங்கோ. மிஞ்சின ஒயில் குழல் பக்கம் வடியட்டும், மரத்துக்குள்ள போக வேண்டாம். சுட முதல் குழலை ஒருக்காத் துடைச்சால் சரி.

கோது_பொறுக்கி

இன்னொண்டு, சட்டைப் பையையும் தட்டிப் பாருங்கோ. வீட்டில 20 கேஜ் (12 ஐ விட ஒடுங்கின குழல்) துவக்கும் இருந்தால் அந்த மஞ்சள் தோட்டா ஒண்டு 12 கேஜ் பையுக்குள்ள வரவே கூடாது. அது சேம்பரைத் தாண்டிக் குழலுக்குள்ள போய்ச் சிக்கும், பின்னால 12 வந்து நிக்கும். விறைச்ச கையுறையோட, இருட்டில, கலர் தெரியாது. ரெண்டுக்கும் வேற வேற சட்டை வையுங்கோ.

ஸ்கூகொக்_கரை

மைனஸ் 9 இல சுடுதளத்தில பாத்தாச்சு. ஒவ்வொண்டாச் சுட்ட 10 தோட்டாவிலயும் போல்ற் பூட்டி நிண்டது. பிறகு மூண்டு மூண்டாப் போட்டு 15, ஒண்டும் தடக்கேல்லை. கோது இப்ப காலடியில விழுறேல்லை, பத்தடி தள்ளித்தான் விழுது. பழைய ஸ்பிரிங்கைப் புதுசோட பக்கத்தில வைச்சுப் பாத்தன், ஒரு பெருவிரல் அகலம் கட்டை.