துள்ளித் துள்ளி இறங்கும் விமானத்துக்கு ஒரு சொல்

செ.: நண்பர்களே, சிறு விமானம் ஓட்டப் பழகுவோருக்கான கையேட்டில் தரையிறக்க விபத்துகள் பற்றிய அத்தியாயம் என் தலையில் விழுந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். ‘பார்ப்பாய்சிங்’ என்பதற்கு என்ன போடுவது? வேகம் குறையாமல் வரும் விமானம் மூக்குச் சக்கரத்தை முதலில் ஊன்றி எம்புகிறது. விமானி பதறிப்போய் மூக்கை அழுத்துகிறார், உடனே மறுபடி இழுக்கிறார். கை எப்போதும் சற்றுப் பிந்தியே வேலை செய்வதால் ஒவ்வோர் எம்பலும் முந்தியதைவிடப் பெரிதாகிறது. கடைசியில் மூக்குச் சக்கரத்தின் கால் முறியும், புரொப்பெல்லர் தரையில் இடிக்கும். ‘துள்ளல்’ போதுமா?

ப.: துள்ளலைத்தான் ‘பவுன்ஸு’க்குக் கொடுத்தாயிற்றே. மூலச்சொல் கடல்விலங்கின் பெயர். நம்மிடம் ஓங்கில் இருக்கிறது: ‘ஓங்கில் பாய்ச்சல்’. ஓங்கு என்றாலே உயர்தல். ஓங்கல் என்றால் மலை, மூங்கில்...

கு.: ஓங்கில் டால்பின் ஐயா. மூலத்துக்கு உண்மையாக இருப்பதென்றால் ‘கடற்பன்றிப் பாய்ச்சல்’ என்றுதான் வரும். வேண்டாமே.

வா.: நான் வகுப்பெடுப்பவன். ஓங்கில் எதுவென்று விளக்கி முடிப்பதற்குள் மணி அடித்துவிடும். ஒருமுறை எம்பி அடங்கினால் அது வெறும் துள்ளல். அடங்காமல் பெருகினால் மூக்கோடு மல்லுக்கட்டக் கூடாது. முழு விசை கொடுத்து மேலேறி, சுற்றிவந்து மறுபடி இறங்க வேண்டும். அந்த வேறுபாடு சொல்லிலேயே தெரியட்டும்: ‘வளர்துள்ளல்’.

ப.: வினைத்தொகை, காலம் கரந்த பெயரெச்சம். இலக்கணத்தில் குறையில்லை. ஆனால் வளர்பிறை, வளர்தமிழ் என்று மங்கலமாகப் புழங்கும் சொல்லை விபத்துக்கா வைப்பது? ‘பெருகுதுள்ளல்’ எனலாம்.

கு.: பிரித்து அச்சடித்தால் ‘பெருகு’ ஏவலாகிவிடும்! ‘பார்ப்பாய்சிங்’ என்றே எழுதினால் என்ன குடிமுழுகிவிடும்? அப்புறம், தரையில் ஓடும் விமானம் சட்டென்று சுழன்று திரும்பிவிடும் ‘கிரவுண்ட் லூப்’புக்குத் ‘தரைவட்டம்’ போட்டிருக்கிறீர்கள். வால்சக்கர விமானத்தில் எடைமையம் பெரிய சக்கரங்களுக்குப் பின்னால் இருப்பதால், சற்றுக் கோணலாக இறங்கினாலும் வால் முன்னே வரப் பார்க்கும். பல நேரம் இறக்கை நுனி உரசி, பாதி வட்டத்திலேயே நின்றுவிடும். ‘வால்வீச்சு’ தகும்.

செ.: வாலுக்குத் தனி இழை தொடங்குங்கள், கும்பிடுகிறேன். ‘வளர்துள்ளல்’ என்றே போடுகிறேன். முதலில் வரும் இடத்தில் மட்டும் பார்ப்பாய்சிங்கும் பக்கத்தில் இருக்கும்.

வா.: சரி.

ப.: போடுங்கள். ஓங்கிலை அடிக்குறிப்பிலாவது சேர்த்திருக்கலாம்.